இரண்டாவது அடுப்பு

மூன்று உழக்கு போதும். எங்கள் மூன்று பேருக்கு அதிலேயே ஒரு பிடி மிஞ்சும். கை ஐந்து உழக்கு அள்ளிப் போட்டுவிட்டது, களைந்து முடித்து உலையில் சரிக்கும்போதுதான் கவனிக்கிறேன், தண்ணீர் பானை விளிம்புவரை ஏறி நிற்கிறது. களைந்த அரிசியைத் திருப்பி டப்பாவில் போடவா முடியும், கிடக்கட்டும், மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வைத்தால் நாளைக்குப் பழையது. அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஐந்து உழக்கு என்றால் ஐந்து பேர், இந்தக் கைக்கு ஐந்து வருடமாக மறந்திருந்தது இன்றைக்கென்று ஞாபகம் வந்திருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் பாக்கியம் பாத்திரம் கட்டுகிறாள். பாக்கியம் என் ஓரகத்தி, என் வீட்டுக்காரருடைய தம்பி சேதுமாணிக்கத்தின் மனைவி. இது பித்தளைக் குடம், இது இட்லிக் கொப்பரை, சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன், இடிந்த வீட்டுக்குள்ளிருந்து நானும் அவளும் சேர்ந்து தோண்டி எடுத்த சாமான்தானே எல்லாம். ஒன்றரை மணிக்குக் கீழ்ரோட்டில் பஸ். சாயங்காலம் கப்பல். சென்னையில் இறங்கி அங்கிருந்து திருப்பூர், அங்கே பனியன் கம்பெனியில் இருக்கிற அவள் அண்ணன் இரண்டு பேருக்கும் வேலை சொல்லி வைத்திருக்கிறாராம். இதை எனக்குப் பாக்கியம் சொல்லவில்லை. கொழுந்தன் தன் அண்ணனிடம் சொல்லி, அவர் என்னிடம் சாப்பிட்டுக்கொண்டே, மோர் கேட்கிற மாதிரிச் சொன்னார். என் வீட்டுக்காரர் காலையிலேயே அவர்களுடைய டிரங்குப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போயாயிற்று. உமையாள் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். மணி பன்னிரண்டே முக்கால். ஒரு உலை சோறாகிற நேரம்தான் இருக்கிறது, அதற்குள் நான் பாக்கியத்திடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

உலை இன்னும் கொதிக்கவில்லை. நேரம் இருக்கிறது. எழுந்து வெளியே போய் நாலு எட்டு நடந்தால் அவள் வாசல், அவ்வளவுதான். ஆனால் உட்கார்ந்தே இருக்கிறேன், எதிரே இந்தப் பலகைச் சுவரையே பார்த்துக்கொண்டு. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், இந்தப் பக்கம் என் அடுப்பு, அந்தப் பக்கம் அவள் அடுப்பு, அவள் கரண்டி வைக்கிற சத்தம்கூட எனக்குக் கேட்கும். இரும்புக் கால் நட்டு, பலகை அடித்து, தகரம் போட்டு, இனி எந்த நிலநடுக்கத்துக்கும் விழாது என்று சொல்லித்தான் சர்க்காரில் இந்த மேட்டில் வரிசையாகக் கட்டிக் கொடுத்தார்கள். விழவும் இல்லை, போன மாதம்கூட ஒரு ஆட்டம் ஆடியது, தட்டு மட்டும் கலகலத்தது. குடிவந்த அன்றைக்குக் கொழுந்தன் காதிலிருந்து பென்சிலை எடுத்து இந்தச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு கட்டம் கிழித்தான். ஆபீசர்கள் வருவது நிற்கட்டும் மதினி, இங்கே ஒரு கதவு வெட்டிவிடுவோம், பிறகு ஒரே வீடுதான் என்றான். எட்டு மாதம் ஆகிறது, பென்சில் கோடு அப்படியே இருக்கிறது, அதன் மேல் நான் காலண்டரை மாட்டி வைத்திருக்கிறேன். பாவம், அவன் வயல் மனுஷன். மாமனார் ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து கப்பலேறி இந்த அந்தமானுக்கு வந்து காடு வெட்டித் திருத்திய வயல், நடுக்கத்தில் பூமியே இரண்டு முழம் இறங்கி, ஓடை வழியாகக் கடல் ஏறி வந்தது, அறுக்க வேண்டிய கதிர் உப்புத் தண்ணீரில் நின்று அழுகியது. வந்த கடல் திரும்பிப் போகும் என்று ஐந்து வருடம் பார்த்தான். இன்றைக்கும் ஒரு நாளைக்கு இரண்டு தடவை தண்ணீர் ஏறி இறங்குகிறது, நாற்று நட்ட இடத்தில் மீன் துள்ளுகிறது, அவன் கரையில் போய் நின்று அதைப் பார்த்துவிட்டு வருவான். எங்களுக்குப் பிழைப்பு கற்றுக்கொடுக்க ஆட்கள் வந்தார்கள். காளானுக்கு ஒரு வாரம், மெழுகுவத்திக்கு ஒரு வாரம், கடைசியில் வீட்டுக்கு ஒரு தையல் மெஷின். நாற்பது வீட்டிலும் தையல் மெஷின் இருந்தால் யார் யாருக்குத் தைத்துக் கொடுப்பது. என் வீட்டுக்காரர் பாக்குத் தோட்டத்தில் கூலிக்குப் போகப் பழகிக்கொண்டார், கொழுந்தனுக்கு அது வரவில்லை. ஆகவே போகிறார்கள், இதில் என் தப்பு என்ன இருக்கிறது. இப்படி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்டுக்கொள்கிறேன். வயல் மூழ்கியதற்கு நான் என்ன செய்வேன். ஆனால் அவள் எதுவுமே சொல்லிக்கொள்ளாமல் போகிறாளே, அதற்குக் காரணம் வயல் இல்லை.

கொதி வந்துவிட்டது. துழாவிவிட்டுத் தீயைக் குறைத்தேன். அந்த அடுப்பைப் பற்றி நினைக்காமல் இருக்கத்தான் பார்க்கிறேன், நினைப்பு அங்கேதான் போய் நிற்கிறது. தகர ஷெட்டில் இருந்த முதல் வருடம், வீடு கட்டிக் கொடுப்பதற்காக ஆள் கணக்கு எடுக்க வருகிறார்கள் என்று முதல் நாளே முகாம் முழுக்கப் பேச்சு. ஒரு அடுப்புக்கு ஒரு வீடு, தனியாகப் பொங்கினால்தான் தனிக் குடும்பம். நாங்களோ கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரே அடுப்பு. சோறும் உப்பும் என் கை, அரைப்பதும் குழம்பும் அவள் கை, இன்னார் வீட்டுச் சமையல் என்று பிரித்துச் சொல்ல முடியாது. யோசனை என்னுடையதுதான். ராத்திரியோடு ராத்திரியாக இன்னொரு அடுப்பு வைத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். ஷெட்டின் மறு மூலையில் மூன்று கல்லை நட்டு மண் அப்பினோம், புதுசாகப் பளிச்சென்று நின்றது, அதற்கு என் அடுப்பிலிருந்து கரியைச் சுரண்டித் தேங்காயெண்ணெயில் குழைத்துக் கொடுத்தேன், பாக்கியம் தேய்த்தாள், மூக்கெல்லாம் கரி, நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஷெட்டில் அதட்டினார்கள். மறுநாள் அதிகாரி வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, கூட வந்த கிளார்க்கு தமிழாள், இந்தியில் மாற்றிச் சொல்வார். அதிகாரி குனிந்து புது அடுப்பை விரலால் தொட்டுப் பார்த்தார், விரலில் ஒட்டிய கரியைப் பார்த்தார், எங்கள் முகத்தைப் பார்த்தார். எத்தனை நாளாகத் தனிச்சமையல் என்று கேட்டார். மூன்று வருடம் என்றேன். ஏன் பிரிந்தீர்கள் என்றார். இதை நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஆண்கள் இரண்டு பேரும் காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒத்துப்போகவில்லை என்று சொல்லியிருக்கலாம். மாமியார் இருக்கும்போதே பிரிந்தோம் என்று சொல்லியிருக்கலாம். வாய் கொஞ்சம் நீளம் என்று அவளைச் சொல்லியிருந்தால் அவளே சிரித்திருப்பாள். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"பிள்ளை பெறாதவ கைச்சோறு என் பிள்ளைக்கு வேணாம்னு நான்தான் சார் பிரிச்சேன்."

இதைத்தான் சொன்னேன். கிளார்க்கு அதை இந்தியில் சொன்னார். பாக்கியம் இந்தத் தீவிலேயே பிறந்து இந்தி படித்தவள், ஆகவே அவள் அதை இரண்டு தடவை கேட்டாள். அதிகாரி பக்கத்தைப் புரட்டி எழுதினார். வேறு எந்தக் காரணம் சொல்லியிருந்தாலும் இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பார், இதற்கு மேல் அவருக்கே கேட்க வாய் வரவில்லை. இரண்டு வீடு. ஒரு பொய்க்கு ஒரு வீடு, நல்ல வியாபாரம் என்று எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். பாக்கியமும் சிரித்தாள், அக்காவுக்கு நாடகத்தில் நடிக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியவே தெரியாது என்றாள், சிரித்துக்கொண்டே போய்ப் பாத்திரம் கழுவ உட்கார்ந்தாள், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு சரிபார்க்க ஒரு மாதத்தில் ஒருவர் வந்தார், போட்டோ எடுக்க ஒருவர் வந்தார், கையெழுத்துக்கு ஒருவர், ஒவ்வொரு தடவையும் இரண்டு அடுப்பும் எரிய வேண்டியிருந்தது. எல்லாம் முடிந்து ஒரு நாள், நாளையிலிருந்து ஒன்றாகவே வைத்துவிடலாமா பாக்கியம் என்று கேட்டேன். இருக்கட்டும்க்கா, இப்படியே பழகிருச்சு என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன், சண்டையில் எல்லாம் வெளியே வந்திருக்கும், அவள் கோபப்படவே இல்லை.

பாதி வெந்திருக்கிறது. எங்கேயிருந்து வந்தது அந்தச் சொல், அதுதான் எனக்குப் புரியவில்லை என்று இத்தனை நாளும் என்னையே ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். புரியும். எனக்கு நன்றாகவே புரியும். நடுக்கம் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் வந்துவிட்டது, நான் சமையல்கட்டில் உலை வைத்துக்கொண்டிருந்தேன், பாக்கியம் வெளியே மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள், ஆண்கள் வயலில். முதலில் டப்பாக்கள் பேசின. பிறகு தரை ஒரு பக்கமாக இழுத்தது. சமையல்கட்டிலிருந்து வாசலுக்கு வர நடு அறையைத் தாண்ட வேண்டும், நடு அறையில் பாயில் உமையாள் தூங்கிக்கொண்டிருந்தாள், நாலு வயது. நான் ஓடினேன். என் காலுக்குக் கீழே பாய் இருந்தது எனக்குத் தெரியும், அதில் பிள்ளை இருந்தது எனக்குத் தெரியும், கால் தானாகவே அகலமாக எடுத்து வைத்து அவளைத் தாண்டியது, மிதித்துவிடக் கூடாது என்கிற அளவுக்குக் காலுக்கு அறிவிருந்தது, குனிய வேண்டும் என்று கைக்குத் தெரியவில்லை. வாசலில் வந்து விழுந்தேன். பத்திரமாக வெளியே நின்றவள் பாக்கியம். அவள் என் கையைப் பார்த்தாள், கை வெறுமையாக இருந்தது. என்னைத் தாண்டி உள்ளே போனாள். சுவர் ஆடுகிறது, ஓடு விழுகிறது, நான் தரையில் கிடக்கிறேன், எழுந்து போக வேண்டும் என்று தோன்றுகிறது, உடம்பு வரவில்லை. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் வெளியே வந்த பிறகுதான் நடு அறைச் சுவர் சாய்ந்தது. வயலிலிருந்து ஓடி வந்த ஆண்களிடம் அவள்தான் முதலில் பேசினாள், பிள்ளை என்னோடு வெளியேதான் இருந்தது, மாட்டைப் பார்க்க வந்தது என்றாள். நல்லவேளை என்றார்கள். நானும் ஆமாம் என்றேன். இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவள் ஒரு தடவைகூட, ஒரு பார்வையில்கூட, அதை எனக்கு ஞாபகப்படுத்தியதில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. குத்திக் காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பெற்றவள் தாண்டி ஓடினாள், பெறாதவள் உள்ளே போனாள், இதை வைத்துக்கொண்டு என்னோடு ஒரே அடுப்பில் உட்கார்ந்து குழம்பு கூட்டிக்கொண்டிருந்தாளே, அந்தச் சமயத்திலெல்லாம் எனக்குள் ஊறி ஊறித்தான் அதிகாரி கேட்டதும் அந்தச் சொல் அவ்வளவு சுத்தமாக வந்தது. நடுக்கத்திலிருந்து அதுவரை ஏழு மாதம் ஊறியிருக்கிறது.

நுரை கட்டுகிறது, மூடியைச் சற்று நகர்த்தி வைத்தேன். வேறெதையாவது நினைப்போம். அவளுக்குச் சோறு வடிக்கத் தெரியாது, அது ஒரு ஆறுதல். பிரிந்த நாளிலிருந்து பார்க்கிறேன், தினமும் குழைய விட்டுவிடுவாள், அந்த வாசம் ஷெட்டில் மறு மூலையிலிருந்து வந்தது, இங்கே சுவர் தாண்டி வருகிறது, அதுவும் சாயங்காலம் மூன்று மணிக்கு, அந்த நேரத்தில் யார் உலை வைப்பார்கள். என் சோறு அப்படி இல்லை, பருக்கை ஒன்றோடொன்று ஒட்டாது, மாமியாரே மெச்சுவார். குழம்புதான் எனக்கு வராது. அதனால்தான் உமையாள் தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். பள்ளிக்கூடம் விட்டதும் அங்கேதான் முதலில் போகிறாள் என்று எனக்குத் தெரியும், கையை மோந்து பார்த்தால் அவள் சித்தி குழம்பின் மணம் இருக்கும், நான் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. ஒன்பது வயதுக்குள் என் பிள்ளைக்கு ஒளிக்கத் தெரிந்துவிட்டது, அதையும் நான்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். இன்று காலையில் பின்பக்கக் குழாயடியில் பாக்கியம் அவளுக்குத் தலை பின்னிவிட்டாள். ரெட்டைச் சடை, ரிப்பன் வைத்து. நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். சடை வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது. போயிருக்க வேண்டும், அப்போதே போய் நின்றிருக்க வேண்டும். என்னவென்று சொல்வது. பாக்கியம், அன்னைக்கு நான் சொன்னது தப்பு. இது கடையில் சில்லறை தப்பாகக் கொடுத்தவர்கள் பேசுகிற பேச்சு. பாக்கியம், நீ போகாதே. என்ன வைத்திருக்கிறேன் அவளைப் போகாதே என்று சொல்ல, உப்பு வயலா. பாக்கியம், அன்னைக்கு நீ உள்ளே போனே, நான் தாண்டி வந்துட்டேன், அதுக்காகத்தான் உன்னை அப்படிச் சொன்னேன். இதுதான் சரி. இதைச் சொன்னால் போதும். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம், இப்போது எழுந்து போய், இதோ, இந்தக் கொதி அடங்கட்டும்.

"அக்கா, சோறு குழையுது பாருங்க. வடிங்க."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. தன் அடுப்புப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தாள் போல, குரல் அவ்வளவு பக்கத்தில் இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதம் தாண்டிவிட்டது, பருக்கையெல்லாம் வாய் பிளந்து கூழாகக் கிடக்கிறது, என் கைக்கு இப்படி ஆனதே இல்லை. துணியைப் போட்டுப் பானையைச் சாய்த்தேன், கஞ்சி கெட்டியாக இறங்கியது. சாய்த்தபடியே கூப்பிட்டேன், பாக்கியம் என்று. என்னக்கா என்றாள். அன்றைக்கு அந்த ஆபீசர்கிட்ட சொன்னது என்று ஆரம்பித்தேன். அவள் முடிக்க விடவில்லை.

"அது வீட்டுக்காகத்தானேக்கா."

நான் தப்பித்துக்கொள்ள ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உள்ளே போக வேண்டியது மட்டும்தான் என் வேலை. ஆமா என்றேன். அன்றைக்கு வந்த அதே வேகத்தில் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மூட்டையை இழுத்துக் கட்டுகிற சத்தம். பிறகு, சரிக்கா, அப்ப வாரேன் என்றாள். செருப்புச் சத்தம், கொழுந்தன் ஏதோ கேட்க அவள் ஏதோ சொல்ல, கதவு சாத்துகிற சத்தம், பூட்டு. என் வாயால் கிடைத்த வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். பானையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன். இப்படித்தான் அன்றைக்கும் வாசலில் கிடந்தேன், எழுந்து போ எழுந்து போ என்று உள்ளே ஒன்று கத்த, உடம்பு வராமல். அவள் கேட்டது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. தெரியாமல் கேட்கவில்லை, நான் இல்லை என்று சொல்வேனா என்று கேட்டிருக்கிறாள். கீழ்ரோட்டில் ஹாரன் கேட்டது. பானையை அப்படியே சுவரோரம் சாய்த்துவிட்டு ஓடினேன். செருப்பு போடவில்லை, கையெல்லாம் கஞ்சி. மேட்டிலிருந்து கீழே இறங்கும் படிக்கட்டில் இரண்டு தடவை வழுக்கினேன், தையல் மெஷின்காரிகள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள், பார்க்கட்டும்.

பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. கொழுந்தன் உள்ளே போய்விட்டான், ஜன்னலோரத்தில் பாக்கியம், மடியில் இட்லிக் கொப்பரை. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்தேன். மூச்சு வாங்கியது, யோசித்து வைத்திருந்த வாக்கியம் முழுக்கப் போய்விட்டது. அவளுக்கு முன் சீட்டில், பின் சீட்டில் எல்லாம் தெரிந்த ஆட்கள், எல்லோரும் எங்களையே பார்த்தார்கள்.

"வீட்டுக்காக இல்ல, பாக்கியம்."

அவள் என் கையைப் பார்த்தாள். கஞ்சி வழிகிற கை. அன்றைக்குப் பார்த்த மாதிரியேதான் பார்த்தாள்.

"தெரியும்க்கா" என்றாள்.

டிரைவர் கியர் போட்டார். நான் கூடவே நாலு எட்டு நடந்தேன், கம்பியை விடவில்லை. அவள் என் விரல்மேல் தன் விரலை ஒரு கணம் வைத்து, பிறகு மெதுவாகப் பிரித்துவிட்டாள். "குழைஞ்சிருச்சேன்னு சோத்தைக் கொட்டிராதீங்க. உமையாளுக்கு அப்படி இருந்தாத்தான் தொண்டையில இறங்கும்" என்றாள். அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. பாக்குத் தோப்பு வளைவில் அது மறைகிறவரை நின்றேன். பிறகு மேடேறி வந்தேன், வெறுங்காலில் கல் குத்தியது. பானை நான் சாய்த்துவிட்டுப் போன இடத்திலேயே இருந்தது. மூடியைத் திறந்து ஐந்து பேருக்கான சோற்றைப் பார்த்தேன். நாலு மணிக்கு உமையாள் வருவாள், முதலில் அந்தப் பூட்டைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வருவாள். பாக்கியம் தினமும் மூன்று மணிக்கு உலை வைத்துக் குழைய விட்டது எதற்கென்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிகிறது. ஐந்து வருடமாக நான் என் பிள்ளைக்குப் பருக்கை பருக்கையாக வடித்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.